24-ஆம் தேதி ராத்திரி நாய் யாரோடு?

கேள்வி, டிசம்பர் 7

பாளையங்கோட்டை. வீட்டில் இப்போதுதான் முதல் நாய். ஒன்றரை வயது, ராஜபாளையம் கலப்பு, இருபது கிலோ இருப்பான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய 24 இரவு குடும்பம் மொத்தமும் நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பிவிடுவோம், திரும்ப ஒரு மணி ஆகும். மொட்டை மாடியில் கட்டிப் போட்டுவிட்டுப் போனால் போதும் என்கிறார் அப்பா. கேக் எல்லா நாயும் தின்னும், ஒன்றும் ஆகாது என்றும் சொல்கிறார். நாய் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

டிசம்பர் 7, இரவு

மாடியில் கட்டவே கட்டாதீர்கள். கேக் விஷயம் நாளைக்குப் பேசலாம், இது அவசரம்.

கிறிஸ்துமஸ் வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்க்காது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடும். சங்கிலி நீளமாக இருந்தால் கீழே விழும், குட்டையாக இருந்தால் கழுத்து இறுகித் தொங்கும். எங்கள் பழைய தெருவில் ஒரு தீபாவளிக்கு இந்த இரண்டாவது நடந்தது. நல்ல வேளை, பக்கத்து மாடியில் ஆள் இருந்தார்.

ஒருவர் வீட்டில் இருங்கள். அது முடியாது என்றால் மட்டும் உள்ளறை, பூட்டு எல்லாம்.

டிசம்பர் 8

இன்று கேக்.

பிளம் கேக்கில் நாய்க்கு ஆகாதது மாவோ முட்டையோ இல்லை, உலர்திராட்சை. கிஸ்மிஸ், கறுப்புத் திராட்சை எல்லாம் அதில் சேர்த்தி. சில நாய்களுக்குச் சிறுநீரகத்தை அப்படியே நிறுத்திவிடும். முதல் நாள் வாந்தி, சோர்வு. அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். அப்போது கூட்டிக்கொண்டு ஓடினால் பாதி நேரம் தாமதம்தான். அடுப்பில் வெந்ததால் விஷம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ரம்மில் ஊறிய திராட்சை என்றால் சாராயமும் கூடவே போகிறது. ஜாதிக்காய்த் தூள் அள்ளிப் போட்ட கேக்கும் நல்லதல்ல.

அக்காவின் லாப்ரடார் போன வருடம் மேசையில் ஆற வைத்திருந்த கேக்கில் கால்வாசியை முடித்துவிட்டது. தாளோடு சேர்த்து. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், வாந்தி எடுக்க வைத்து, நாள் கணக்கில் குளுகோஸ் ஏற்றி, ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துப் பார்த்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டது. திரும்பி வந்த அன்றே மறுபடி மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது என்பது வேறு கதை.

டிசம்பர் 8, சாயங்காலம்

"எங்கள் நாய் வருஷா வருஷம் கேக் தின்கிறது, கல்லு மாதிரி இருக்கிறது" என்று ஒருவர். இருக்கும். மருத்துவர்களையே பல காலம் குழப்பியது இதுதான். ஒரு நாய் கைப்பிடி தின்று சும்மா இருக்கும், இன்னொன்று சில பழத்திலேயே படுத்துவிடும்.

காரணம் 2021-இல்தான் ஓரளவு தெளிந்தது. அமெரிக்காவில் விலங்கு நஞ்சு ஆலோசனை மையத்தின் மருத்துவர்கள், திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதன் அளவு திராட்சையின் ரகத்துக்கு ரகம், பழுக்கப் பழுக்க மாறும். உங்கள் நாய்க்கு இத்தனை வருடமும் கிடைத்தது எந்த ரகமோ. இந்த வருடம் மதினி வேறு கடையில் வாங்கியிருப்பாள்.

டிசம்பர் 9

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், அதுவும் நம் ஊருக்கு. அந்த மருத்துவர்கள் திராட்சையில் இருந்து நேராக அந்த முடிவுக்கு வரவில்லை. பேக்கரியில் போடும் கிரீம் ஆஃப் டார்டர் தின்ற நாய்க்கும் புளி தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகக் கோளாறு வந்ததைப் பார்த்துத்தான் மூன்றிலும் அந்த அமிலம் இருப்பதை முடிச்சுப் போட்டார்கள். புளி! நம் மீன் குழம்பில் பாதி அதுதானே.

இதைச் சொன்னவுடன் ஆச்சி சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் காலத்து நாய்களெல்லாம் புளிக்குழம்புச் சோறு தின்றே பத்து வருடம் இருந்தனவாம். கரைத்து, நீர்த்து, சோற்றோடு பிசைந்த புளிக்கும் கொட்டை எடுத்த புளி உருண்டைக்கும் வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் டின்னில் அடைத்த புளியைத் தரையில் வைக்காதீர்கள். குழம்புச் சோற்றையும் நான் நிறுத்திவிட்டேன். ஆச்சிக்குத் தெரியாமல்.

டிசம்பர் 10

சாக்லேட் கேட்டவருக்குச் சுருக்கமாகக் கணக்கு. ஆபத்து கோகோவில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருளில். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை. 40-50 என்றால் இதயம் தடதடக்கும். 60-க்கு மேல் வலிப்பு. பால் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம், டார்க்கில் 5, கோகோ தூளில் 20-க்கு மேல். உங்கள் இருபது கிலோப் பயல் பால் சாக்லேட் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. கேக்குக்கு வாங்கி வைத்த கோகோ டப்பாவைக் கவிழ்த்தால் ஆகும்.

சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று வரும் இனிப்பு, சூயிங்கம் இவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் இருந்தால் அது இன்னும் மோசம். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடும். அட்டையைப் படியுங்கள். பெரியப்பாவின் பையையும் ஒரு பார்வை பாருங்கள்.

டிசம்பர் 10, கொஞ்சம் கழித்து

"தின்றுவிட்டால் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வையுங்கள்" என்று எழுதியவரே, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். உப்பே நாய்க்கு விஷமாகும். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். நாயைக் காப்பாற்றப் போய் இரண்டாவது நஞ்சைக் கொடுக்கிறோம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று போனில் டாக்டரிடம் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். வாந்தி எடுக்க வைப்பது அவர் வேலை.

டிசம்பர் 13

நேற்று ராத்திரி எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வந்தது, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் சர்ச் கூட்டம். இதைப் பற்றி யாருமே கேட்கவில்லையே என்று ஆச்சரியம். என் கணக்கில் வெடிக்கு அடுத்து நாய்க்குப் பெரிய சோதனை இதுதான்.

நாய் இருக்கும் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். மணி பதினொன்று, தெரு அடங்கிவிட்டது. திடீரென்று கேட்டுக்கு வெளியே முப்பது பேர், டிரம், கிட்டார், டார்ச். அவர்களுக்கு நடுவே கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒருவன். சிவப்பு அங்கி, வயிற்றில் தலையணை, முகத்தில் அசையாத பிளாஸ்டிக் சிரிப்பு, கையில் மணி. நடக்கிற மாதிரி நடக்காமல் ஆடுகிறான். தெரிந்த பையன்தான், தினமும் பால் போடுகிறவன், எங்கள் நாய் ரூபி வாலாட்டுகிற ஆள். முகமூடி போட்ட பிறகு அவளுக்கு அவன் யாரோ. நாய்கள் மனித முகத்தையும் பார்த்து ஆளைக் கணிக்கும். அந்த முகம் அசையவில்லை என்றால் அவற்றுக்குப் பிடி கிடைக்காது.

ரூபி முதலில் குரைத்தாள். அப்புறம் குரைப்பதை நிறுத்திவிட்டு உடம்பை விறைத்துக்கொண்டு வாயை மூடி அவனையே பார்த்தாள். அந்த அமைதிக்குத்தான் நான் பயப்படுவேன். குரைக்கிற நாய் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இப்போது நான் செய்வது: ரவுண்ட்ஸ் தேதியைச் சர்ச்சில் கேட்டுவைத்துக்கொண்டு, எட்டு மணிக்கே ரூபியைப் பின்னறைக்குக் கொண்டுபோய் மின்விசிறியை வேகமாக வைத்து, மென்றுகொண்டிருக்க ஒரு எலும்பு பொம்மை கொடுத்துவிடுவேன். ஜெபம் முடிந்து தாத்தா முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும்போது வேண்டுமானால் கயிற்றோடு கூட்டி வருவேன். நேற்று ரவுண்ட்ஸ் ஒரு நாள் முந்தி வந்துவிட்டது, அதனால்தான் இத்தனையும். "தாத்தாவோடு நாய்க்கு ஒரு போட்டோ" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் முடியாது என்பதே.

டிசம்பர் 13, மறுபடி

"உங்கள் நாய் கிறிஸ்துமஸுக்கு எதிரியோ" என்று ஒரு நக்கல். இல்லை, தாத்தா கொடுக்கிற மிட்டாயை அவளுக்குத் தராததுதான் கோபம்.

டிசம்பர் 15

கிறிஸ்துமஸ் குடிலும் மரமும். எங்கள் பக்கம் மரம் என்றால் பெரும்பாலும் சவுக்குக் கிளை, மணல் நிரப்பிய வாளியில் நட்டது. ஆண் நாய் உள்ள வீட்டில் அதற்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே மரம் வைத்துக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம். வாளியைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டு வையுங்கள்.

ஆபத்து மரத்தில் இல்லை, அதில் தொங்கும் ஜிகினாவில். வெள்ளி இழை, நூல், ரிப்பன் எதுவானாலும் குடலில் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ளும். குடல் மறுமுனையைத் தள்ளத் தள்ள, நாடா கோத்த பாவாடை இடுப்பு மாதிரி குடலே சுருங்கிச் சேர்ந்துவிடும். பிறகு இழை குடலை அறுக்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. குடிலில் பனிக்காகப் பரப்பும் பஞ்சும் வேண்டாம், வைக்கோல் போதும். பெத்லகேமில் பனி எதற்கு என்று ஆச்சி ஒவ்வொரு வருடமும் கேட்கிறாள்.

சீரியல் லைட் ஒயரைக் கடிக்கும் குட்டி என்றால் சுவர் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், ஆளில்லாதபோது பிளக்கைப் பிடுங்குங்கள்.

டிசம்பர் 18

பிரியாணி எலும்பு. வெந்த கோழி எலும்பு ஊசியாய்ப் பிளக்கும், வெந்த ஆட்டெலும்பும் நம்பத்தக்கதல்ல. கொழுப்புச் சவ்வை "நாய்க்குத்தானே" என்று வெட்டிப் போடுவதும் தவறு. கணையம் வீங்கி வாந்தியும் வயிற்று வலியுமாய்ப் படுத்துவிடும். வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்துப் போகும்போதுதான் தெரியும்.

விடியற்காலை ஆப்பத்துக்குப் புளிக்க வைத்த மாவையும் மறந்துவிடாதீர்கள். பச்சை மாவு வயிற்றின் சூட்டில் இன்னும் பொங்கும், சாராயமும் உண்டாகும். பாத்திரத்துக்கு மேல் அம்மிக் குழவியை வையுங்கள்.

கொடுக்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு: மசாலா சேர்க்கும் முன் எடுத்துத் தனியாக வேக வைத்த எலும்பில்லாக் கறி, கொஞ்சம் சோறு, பூசணி, காரட். ரூபிக்கு இதுதான் கிறிஸ்துமஸ் சாப்பாடு, அதுவும் தினம் தின்னும் நேரத்திலேயே.

டிசம்பர் 20

வெடி பயத்துக்கு மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் பலர். அலர்ஜிக்கான அவில் மாத்திரை கொடுத்தால் தூங்கிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். தூக்கக் கலக்கம் வரும், பயம் போகாது. முன்பு அதிகம் எழுதிய ஏஸ்புரோமசின் என்ற மயக்க மருந்தை இப்போது பயத்துக்குத் தனியாகத் தர நல்ல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். உடம்பு கட்டுண்டு கிடக்க, உள்ளே பயம் அப்படியே இருக்குமாம். இன்று டிராசோடோன், காபாபென்டின் மாதிரியானவற்றை எடையும் உடல்நிலையும் பார்த்து எழுதித் தருகிறார்கள். சாதாரண நாளில் ஒரு முறை கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். சத்தம் தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். மனிதர்களின் பாராசிட்டமால், ஐபுரூஃபன் எக்காரணம் கொண்டும் கூடாது.

ஆக, இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். 24 சாயங்காலம் போன் அடித்தால் அவரும் கேக் வெட்டிக்கொண்டிருப்பார். நெல்லைக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் வேப்பேரி. விடுமுறை நாளில் எத்தனை மணிக்கு ஆள் இருப்பார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

டிசம்பர் 21

"பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும்" என்ற பழைய பாடம் இங்கே மறுபடி வந்திருக்கிறது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். பயம் என்பது பிஸ்கட்டுக்காகப் போடும் நாடகமா, தடவினால் அதிகமாவதற்கு? மடியில் வர விரும்பினால் விடுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் அங்கேயே விடுங்கள், இழுக்காதீர்கள்.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்கு "டம்" என்று முடிவதில் அதற்கு இன்னும் என்னென்னவோ.

எதிர்வீட்டு வெள்ளை ராஜபாளையம் மட்டும் எந்த வெடிக்கும் அசையாமல் வாசலில் தூங்கும். வீரம் என்றே தெரு முழுக்கப் பேச்சு. பிறவிச் செவிடு. அந்த இனத்தில் வெள்ளை நாய்களுக்கு அது அடிக்கடி உண்டு.

டிசம்பர் 22

மறுபடி முதல் கேள்விக்கு. வெடி விஷயத்தில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை என்று 35 நிமிடம் ஒதுக்கியது. எங்கள் தெருவில் அந்தத் தீர்ப்பைப் படித்தவர் யாரும் இல்லை என்பது வேறு. ஆனாலும் உச்சம் அந்த நேரம்தான்.

கவனியுங்கள், நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் சரியாக அதே. கேக், எலும்பு, ஜிகினா எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடலாம். உச்சச் சத்தத்தின்போது வீடு காலியாக இருப்பதைப் பூட்ட முடியாது. இத்தனை நாள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான். தின்பதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறீர்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எங்களுக்கு விடியற்காலை ஆராதனை. அதனால் நள்ளிரவில் ஆள் இருப்போம். விடியலில் ஒருவர் பின்தங்கி, காலை இரண்டாவது ஆராதனைக்குப் போவார். உங்களுக்கும் காலைப் பூசை இருக்குமே. முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சம்மதிக்காவிட்டால் அவரையே முறையில் முதலில் போடுங்கள்.

டிசம்பர் 24, மத்தியானம்

அவசரமாக. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நீண்ட நடை. ஏழு மணிக்குச் சாப்பாடு. வெளியே கடைசியாக ஒன்றுக்குப் போவதைப் பத்து மணிக்குள் முடியுங்கள், கயிற்றோடுதான், சுற்றுச்சுவர் இருந்தாலும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கிறதா, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமா என்று பாருங்கள். இரண்டு விரல் என்று படித்திருக்கிறேன், ஆனால் ராஜபாளையத்தின் தலை கழுத்தைவிட அகலம் இல்லை. பயத்தில் பின்வாங்கினால் பட்டை கழன்று கையில் வந்துவிடும்.

சன்னல் சாத்தி, திரை இழுத்து, உள்ளறையில் டிவி. சத்தத்தை இப்போதே போட்டு வையுங்கள். வெடிக்கும்போது திடீரென்று கூட்டினால் அதுவே இன்னொரு வெடி.

விருந்துக்கு வரும் குழந்தைகளில் தவழ்கிறதும் நடை பழகுகிறதும் இருந்தால் நாய் அறைக்குக் கதவு சாத்தியே இருக்கட்டும். தூங்குகிற நாயின் மேல் விழுவது அந்த வயதுக்குச் சகஜம். பல் பட்டால், ஊசி போட்ட நாயானாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் வைக்காதீர்கள்.

டிசம்பர் 26

ரூபி பன்னிரண்டு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் போனாள். நானும் தரையில் பாய் விரித்துப் படுத்தேன். ஒரு மணிக்கு வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான், சொல்வதற்குச் சுவாரசியமாக ஒன்றும் இல்லை.

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அப்பாதான் வீட்டில் இருந்தாராம். நாய் அவர் கால்களுக்கு நடுவே தலையை வைத்து நடுங்கியதைப் பார்த்த பிறகு, 31-க்கும் தானே இருப்பதாகச் சொல்கிறாராம். வருட முடிவு ஆராதனையின் பிரசங்கம் எவ்வளவு நீளம் என்பதையும் இதில் கணக்கில் எடுக்க வேண்டும்.

டிசம்பர் 28

"பரிசாகக் குட்டி வந்திருக்கிறது, ஒரு மாதம்தான் ஆகிறது, தாயோடு திருப்பி விடலாமா?" முடிந்தால் விடுங்கள், எட்டு வாரம் வரை தாயோடும் கூடப்பிறந்ததோடும் இருப்பது நல்லது. முடியாவிட்டால் தெருவில் இறக்காதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது தொற்றத் தெரு மண்ணே போதும். புத்தாண்டு வெடி வேறு வருகிறது. முதல் முறை வெடி கேட்கும் வயதில் அது பயந்துபோனால் பிற்பாடு மாற்றுவது கஷ்டம்.

ஜனவரி 3

மரத்தைப் பிரிக்கும்போது கீழே குனிந்து தேடுங்கள். அறுந்த ஜிகினா, உடைந்த கண்ணாடி உருண்டை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி. இந்தக் கடைசியை நாய் விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும், அதற்குக் காத்திருக்க நேரமே கிடையாது.

மலம் கழிக்கும்போது வெள்ளி இழை தொங்குகிறது, இழுக்கலாமா என்று நேற்று ஒருவர். இழுக்காதீர்கள். வெளியே தெரிவது ஒரு விரற்கடை, உள்ளே எவ்வளவு எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாது, இழுத்தால் குடல் கிழியும். தொங்குவதை அது கடித்து இழுக்காதபடி பார்த்துக்கொண்டு, அப்படியே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போங்கள். வாந்தி இல்லை, சாப்பிடுகிறது என்றாலும் போங்கள்.